காடியில் சுழல் கீறல்: மெஷின் பாலிஷுக்கு முன் தெரிய வேண்டியவை

நீலாய் வெயிலில் நிறுத்திய காடியில் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா?

காரணம் என்ன?
செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் ஓடினால் செம்மண் தூசி படியும். முதலில் தண்ணீர் அடிக்காமல் துணியால் துடைத்தால், அந்தத் துகள்களே பெயிண்டைக் கீறிவிடும்.

பாலிஷ் என்ன செய்கிறது?
கீறலை அது அடைப்பதில்லை. சுற்றியுள்ள மேல்பூச்சைக் கீறலின் அடிமட்டம் வரை தேய்த்துச் சமமாக்குகிறது. ‘கிளியர் கோட்’ எனும் அந்த நிறமற்ற பூச்சு பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் தடிப்புதான். வெயிலில் நிறம் மங்காமல் காப்பதும் அதுவே. தேய்ந்தது திரும்ப வராது.

எது போகும்?
கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்கினால், அந்தக் கீறல் பாலிஷில் முழுசாகப் போகாது.

எந்த மெஷின்?
சுழன்றபடியே அசையும் ‘டூவல் ஆக்‌ஷன்’ ஓரளவு பாதுகாப்பானது. ஒரே அச்சில் சுழலும் ‘ரோட்டரி’ சீக்கிரம் சூடேற்றும். கதவு விளிம்புகளில் பூச்சே போய்விடலாம். பிறகு மறுபடியும் பெயிண்ட் அடிப்பதுதான் வழி.

கடையில் என்ன கேட்பது?
பெயிண்ட் தடிப்பை அளந்தார்களா? ஒரு சிறு இடத்தில் முதலில் செய்து காட்டுவார்களா? அந்த இடத்தை ஆல்கஹால் கலந்த நீரால் துடைக்கச் சொல்லுங்கள். கோடுகள் திரும்பத் தெரிந்தால், கீறல் போகவில்லை. பாலிஷில் உள்ள எண்ணெய்ப் பசை மறைத்திருக்கிறது.

பிறகு?
சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொன்று, மைக்ரோஃபைபர் துணி. இப்படிக் கழுவினால் அடுத்த பாலிஷைத் தள்ளிப்போடலாம்.