உலர் தாவரச் சரக்கு இறக்குமதி: வடசென்னைத் துறைமுகங்களில் தொற்றுத்தடுப்பு

பதப்படுத்துவதற்காக வெளிநாடுகளிலிருந்து வரும் காய்ந்த வேர், பட்டை, இலை, விதை, பஞ்சு ஆகியவற்றோடு பூச்சியோ நோயோ களையோ நாட்டுக்குள் நுழைந்துவிடாமல் காக்கும் சட்ட நடைமுறைக்குத் தாவரத் தொற்றுத்தடுப்பு என்று பெயர். வடசென்னையில் இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக வட்டாரத்தில் இது அன்றாட வேலை. சரக்கை மாதவரம், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளின் கன்டெய்னர் நிலையங்களில் திறந்து சோதிப்பதும் உண்டு.

காய்ந்த சரக்கில் ஆபத்தில்லை என்று எண்ணுவது தவறு. காய வைத்தால் பூஞ்சணம் குறையும். வண்டுக்கு அது பொருட்டல்ல. சேமிப்புத் தானியங்களை அழிக்கும் கப்ரா வண்டின் புழு, உணவு கிடைக்காவிட்டால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சாக்கின் தையலிலும் கன்டெய்னரின் தரைப்பலகை இடுக்கிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மூலிகை வேர்களையும் மஞ்சளையும் துளைக்கும் வண்டுகளும் உண்டு. களை விதைக்கோ உலர்நிலைதான் இயல்பு. 1950களில் புணேயில் கண்டறியப்பட்ட பார்த்தீனியம், அமெரிக்கக் கோதுமையோடு வந்ததாகவே பரவலாகக் கருதப்படுகிறது. இன்று அது இல்லாத மாவட்டத்தைத் தமிழ்நாட்டில் தேடத்தான் வேண்டும்.

பருத்திக்காய்க் கூன்வண்டுக்கு அஞ்சி, இறக்குமதிப் பஞ்சுக்கு நச்சுப்புகையூட்ட வேண்டும் என்று 1906இல் அரசு ஆணையிட்டது. அழிவுப் பூச்சிகள் சட்டம் 1914இல் வந்தது. அதன்கீழ் இயற்றப்பட்ட 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையே இப்போதைய அடிப்படை. அதன் அட்டவணைகளில்தான் சரக்கின் தலையெழுத்து இருக்கிறது. நான்காம் அட்டவணையில் உள்ளவற்றுக்குத் தடை. ஆறாம் அட்டவணைச் சரக்குக்கு இறக்குமதி அனுமதியும், குறிப்பிட்ட பூச்சி இல்லையென ஏற்றுமதி நாடு தரும் கூடுதல் உறுதிமொழியும் தேவை. ஏழாம் அட்டவணையில் உள்ளவை தாவர நலச் சான்றிதழ், இங்கே நடக்கும் சோதனை, தேவைப்பட்டால் புகையூட்டல் என்ற அளவில் வரலாம். எந்த அட்டவணையானாலும் சரக்கில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. வைக்கோலை அடைத்து அனுப்பவும் கூடாது. மரப்பெட்டியும் மரத்தட்டும் நடுமரம்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கோ, ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தப்பட்டதற்கோ முத்திரை தாங்கியிருக்க வேண்டும்.

சென்னையில் இப்பணிக்குப் பொறுப்பான மண்டல நிலையம் மீனம்பாக்கத்தில் உள்ளது. அலுவலர் மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்துச் சலிப்பார். சல்லடைக்குக் கீழே விழும் தூளில் புழு உரித்த தோலும் எச்சமும் உள்ளனவா என்று உருப்பெருக்கியில் பார்ப்பார். உயிருள்ள பூச்சி தென்பட்டால் சரக்கைத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களை மணற்பைகளால் அழுத்தி, மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்துவர். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் இந்த வாயுவுக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை தொற்றுத்தடுப்புக்காக விலக்கு அளித்திருக்கிறது. அதற்கு மாற்று தேடுவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது. புகையூட்டித் தீராத தொற்றென்றால் சரக்கைத் திருப்பியனுப்புவர் அல்லது அழிப்பர்.

கப்பலோடு வருபவை எல்லாம் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைக்குள் அடங்குவதில்லை. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் உள்ள நெட்டுக்குப்பம் போன்ற எண்ணூர் மீனவர் ஊர்கள் இதை நேரில் அனுபவிக்கின்றன. நடு, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி கழிமுகத்தின் அடிமண்ணைக் கம்பளமாக மூடியிருக்கிறது. மீனவர் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். இறாலும் மட்டியும் வாழ்ந்த சேற்றை அது பிடித்துக்கொண்டது. கப்பல் நிலைகுலையாதிருக்கத் தொட்டிகளில் ஏற்றும் சமநிலை நீரிலோ, கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியோ வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. சமநிலை நீர் குறித்த பன்னாட்டு உடன்படிக்கை 2017 செப்டம்பர் 8 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. மூட்டையைச் சலித்துப் பார்க்கும் அதே கண்டிப்பு, எண்ணூருக்கு வரும் ஒவ்வொரு கப்பலின் நீர்த்தொட்டிக்கும் வேண்டும்.