அட்லாஸ் அந்துப்பூச்சி

அட்லாஸ் அந்துப்பூச்சி (அட்டாகஸ் அட்லாஸ்) என்பது செதிலிறகி வரிசையில் சாட்டர்னீடே குடும்பத்தைச் சார்ந்ததும், தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழ்வதுமான இரவுப்பூச்சியாகும். விரித்த சிறகுகள் ஏறத்தாழ 24 செ.மீ. அகலம் வரை பரந்திருத்தலால், உலகின் மிகப் பெரிய அந்துப்பூச்சிகளுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. ஆணினும் பெண் பெரியது.

சிறகுகளின் அடிப்படை நிறம் செம்பழுப்பு. அந்துப்பூச்சிகளின் சிறகுக்கு நிறமளிப்பவை கூரை ஓடுகள்போல் அடுக்கப்பட்ட நுண்செதில்களே. இப்பூச்சியின் நான்கு சிறகுகளிலும் முக்கோண வடிவில், கரிய விளிம்புடன் அமைந்த பகுதிகளில் அச்செதில்கள் இல்லாமையால், அவ்விடங்கள் ஒளி ஊடுருவும் சாளரங்களாகக் காட்சியளிக்கின்றன. முன்சிறகின் நுனி வெளிப்புறமாக வளைந்து, கண்ணை ஒத்த கரும்புள்ளியையும் வாய்ப்பிளவை ஒத்த கோட்டையும் பெற்றிருப்பதால், பக்கவாட்டில் நோக்குவார்க்குப் பாம்பின் தலையாகவே தோன்றும். தொல்லைக்குள்ளான பூச்சி சிறகுகளை மெல்ல அசைக்கும்போது அத்தலையும் உடன் அசைவதை நோக்கின், பகையை அச்சுறுத்தவே இவ்வமைப்பு உருவாயிற்று எனக் கொள்வதே பொருத்தமாகும். ஆணின் உணர்கொம்புகள் பெண்ணினுடையவற்றைவிட அகன்று இறகுபோல் கிளைத்துள்ளன. பெண் வெளியிடும் மணத்தைத் தொலைவிலிருந்தே அறிய அவை உதவுகின்றன. முதிர்ந்த பூச்சிக்கு உண்ணத்தக்க வாயுறுப்பு இல்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஓரிரு வாரம் வாழ்ந்து மடிகிறது.

வகைப்பாட்டு வரலாறு விரிவானது. லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட 'சிஸ்டமா நாச்சுரே' பத்தாம் பதிப்பில், பெரும்பாலான அந்துப்பூச்சிகளை உள்ளடக்கிய 'பலேனா' என்னும் பேரினத்துள் இதனைச் சேர்த்தார். 'அட்டாகஸ்' என்னும் பெயர் 1767-ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் பதிப்பில் இடம்பெற்றது. பின்வந்தோர் அசாமின் எரிப்பட்டுப் பூச்சி, வட அமெரிக்காவின் செக்ரோப்பியா ஆகியவற்றையும் அட்டாகஸில் அடக்கினமையால் அப்பேரினம் அளவிறந்து பெருத்தது. பிற்காலத்தில் முன்னது சாமியா என்றும் பின்னது ஹயலோஃபோரா என்றும் தனித்தனிப் பேரினங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆயினும் மூன்றும் அட்டாசினி என்னும் ஒரே கிளைக்குழுவில் நிற்கின்றன.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுவது 'அட்டாகஸ் தாப்ரோபானிஸ்' என்னும் வேறு சிற்றினம். ஃபிரெடரிக் மூர் தமது 'இலங்கையின் செதிலிறகிகள்' (1880–1887) என்னும் நூலில் இதனை விவரித்தார். இடைக்காலத்தில் இது அட்லாஸின் உள்ளினமாகவே கருதப்பட்டது. 1989-இல் ரிச்சர்ட் பெய்க்ளர் அட்டாகஸ் பேரினம் முழுவதையும் மீளாய்வு செய்து, இதனைத் தனிச் சிற்றினமாக ஏற்றார். ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையில் அட்லாஸைக் கண்டதாகக் கூறும் பழைய குறிப்புகளைத் தாப்ரோபானிஸையே சுட்டுவனவாகக் கொள்ள வேண்டும்.

அட்லாஸின் உறுதியான பட்டுக்கூடு தைவானில் சிறு பணப்பையாகப் பயன்பட்டது. இன்று பல நாடுகளின் வண்ணத்துப்பூச்சிக் காட்சியகங்களில் இப்பூச்சி வளர்க்கப்படுகிறது.