பெயரின் ஈற்றில் ஒரு ‘தா’: வங்காள இளையோர் கதைகளில் தலைமை

தலைமைப் பாணிகள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் 1939இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து தொடங்குகின்றன. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் குர்ட் லெவின், ரொனால்டு லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகிய மூவரும் பத்து வயதுச் சிறுவர்களை ஐவர் ஐவராகச் சேர்த்துச் சங்கங்கள் அமைத்தனர். ஒவ்வொரு சங்கத்துக்கும் வளர்ந்த ஒருவரைத் தலைவராக அமர்த்தினர். கட்டளையிடும் தலைமை, கலந்து முடிவெடுக்கும் தலைமை, தலையிடாத் தலைமை என்னும் மூவகைப் பாகுபாடு அங்கிருந்துதான் பரவியது. இளையோர் புனைகதையை ஆராய முன்வரும் மாணவர், கதைமாந்தரை இம்மூன்றனுள் ஒன்றில் அடக்கிவிட்டு ஆய்வை முடித்துக்கொள்வது எளிது. வங்காள இளையோர் இலக்கியம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. அங்கே தலைவனை எவரும் நியமிப்பதில்லை, எவரும் தேர்ந்தெடுப்பதுமில்லை. அவன் மூத்தவன், அவ்வளவே.

கனாதா, டேனிதா, ஃபெலுதா எனப் புகழ்பெற்ற நாயகர் பெயர்கள் அனைத்தும் ‘தா’ என முடிகின்றன. அது ‘தாதா’ என்பதன் சுருக்கம். தமிழ்ச் செய்தித்தாள்களில் அச்சொல் அடியாட்களின் தலைவனைக் குறிக்கும். வங்காளத்தில் அதன் பொருள் அண்ணன்.

இந்த அண்ணனுக்கு ஓர் அரசியல் முன்வரலாறு உண்டு. 1902இல் தோன்றிய அனுசீலன் சமிதி முதலான இரகசியச் சங்கங்களில், இளைஞர்கள் தங்கள் தலைவர்களைத் ‘தாதா’ என்றே அழைத்தனர். 1930 ஏப்ரலில் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய குழுவின் தலைவர் சூரியா சென் பள்ளி ஆசிரியர். தொண்டர்களுக்கு அவர் ‘மாஸ்டர்தா’. ஆசானும் அண்ணனும் ஒரு பெயரில் இணைந்தனர். அவரைப் பின்பற்றியவர்களுள் பதின்ம வயதினரும் இருந்தனர். வீட்டுக்குள் தம்பி அண்ணனுக்குக் காட்டும் பணிவு, வீட்டைத் துறந்து புறப்பட்ட தம்பியரைக் கட்டிவைக்கும் விதியாயிற்று.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் இதே ‘தா’ நகைச்சுவைக்குள் நுழைகிறது. பிரேமேந்திர மித்ரா 1945இல் அறிமுகப்படுத்திய கனாதா, கல்கத்தாவின் வனமாலி நஸ்கர் சந்தில் ஆடவர் தங்கும் மெஸ் ஒன்றின் மேல்மாடி அறைவாசி. உலகின் மூலைமுடுக்கெல்லாம் தாம் நிகழ்த்திய வீரச்செயல்களை அவர் அளப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். நாராயண் கங்கோபாத்யாயின் டேனிதா, படோல்டாங்காத் திண்ணையில் அமர்ந்து, கூடவுள்ள மூவரின் தின்பண்டங்களையும் தானே விழுங்குபவன். தேர்வுகளில் தவறாமல் தோற்பவன். நெருக்கடியில் பெரும்பாலும் வழி கண்டுபிடிப்பவன் இளையவனான க்யாப்லா. எனினும் தலைமை டேனிதாவிடமே இருக்கிறது. நாட்டுக்காக உயிரைக் கேட்ட அண்ணனின் இடத்தில், தம்பியின் தின்பண்டத்தைக் கேட்கும் அண்ணன் அமர்ந்திருக்கிறான். அண்ணன் மாறினாலும் நாற்காலி மாறவில்லை என்பதே இக்கதைகளின் வரலாற்றுச் செய்தி என்று நான் வாசிக்கிறேன்.

அயோவா ஆய்வில் கூர்மையான பகுதி, தலைவர் அறையைவிட்டு வெளியேறிய தருணங்கள். கட்டளைத் தலைமையின் கீழிருந்த சிறுவர்கள் வேலையில் தளர்ந்தனர். கலந்து செயற்பட்ட சங்கத்தார் தொடர்ந்து உழைத்தனர். இச்சோதனையைக் கதைகளில் நிகழ்த்திப் பார்க்கலாம். கனாதா ஊடல்கொண்டு அறையைச் சாத்திக்கொண்டால், மெஸ்வாசிகள் விருந்து சமைத்தும் சூழ்ச்சி செய்தும் அவரைக் கீழே வரவழைக்கிறார்கள். அவர் அளப்பது பொய்யென்று அவர்கள் அறிவர். கதையின்றி மாலைப்பொழுது வெறுமையாகிவிடும் என்பதையும் அறிவர். தலைவரை உண்டாக்கி நிலைநிறுத்துவோர் பின்பற்றுவோரே. கதைகளைச் சொல்வதும் அவர்கள்தாம்: கனாதாவை ஒரு மெஸ்வாசி சொல்கிறார், டேனிதாவை ப்யாலாராம் சொல்கிறான், ஃபெலுதாவைத் தம்பி முறையான தொப்ஷே சொல்கிறான். தலைமை நம்மை வந்தடைவது தம்பியின் கண்வழியே.

சத்யஜித் ராய் 1965இல் படைத்த ஃபெலுதா, நகைப்புக்குள்ளான அண்ணனுக்கு மீண்டும் மதிப்பளித்தவர். தொப்ஷேயைக் கவனிக்கப் பழக்குகிறார், வினவுகிறார், பிழையைத் திருத்துகிறார். அறியாதது எதிர்ப்பட்டால் தாமே சிது பெரியப்பாவை நாடிச் செல்கிறார். தலைவனுக்கும் ஒரு மூத்தவர் உண்டு என்னும் இவ்வொழுங்கு, மாஸ்டர்தாவின் ஆசிரிய அண்ணனை நடுத்தர வர்க்க வரவேற்பறைக்குள் கொண்டுவந்து அமர்த்துகிறது. ஆனால் அக்கதைகளில் பெண் பாத்திரங்கள் மிக அரிது. அண்ணன் தம்பி உறவே தலைமையின் இலக்கணமானால், தங்கைக்கு அங்கே இடம் எது?

வரலாற்றில் அவளுக்கு இடம் இருந்தது. 1932 செப்டம்பரில் பஹார்தலி ஐரோப்பியர் மன்றத்தின்மீது நடந்த தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் பிரீத்திலதா வத்தேதார். அவருக்கு அப்போது 21 வயது. அவரை அனுப்பியவர் மாஸ்டர்தாவேயாயினும், களத்தில் ஆடவர் பின்தொடர்ந்தது ஒரு பெண்ணை.

இலக்கியத்திலும் மாற்று வழி ஒன்று இருந்தது. அதுவும் ஃபெலுதா பிறந்த அதே இதழில். ராயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’, 1961இல் மீண்டும் உயிர்பெற்றது. அதன் ஆசிரியர் குழுவில் ராயுடன் பணியாற்றிய நளினி தாஸ், அவருடைய அத்தை மகள். அவர் படைத்த துப்பறியும் தொடரின் பெயர் ‘கோயந்தா கண்டாலு’. விடுதியில் தங்கிப் படிக்கும் நான்கு மாணவியர்: காலு, மாலு, புலு, டுலு. வங்காள எண்முறையில் ‘கண்டா’ என்பது நான்கின் தொகுதி. நால்வர் பெயரிலும் ‘லு’ பொதுவாக நிற்கிறது. இரண்டும் சேர்ந்து கண்டாலு. அண்ணனின் பெயரால் தொடர்கள் அறியப்பட்ட காலத்தில், இங்கே பெயர் குழுவுக்கு உரியதாகிறது. ஒரே இதழ், ஒரே குடும்பம், இருவேறு தலைமைகள். ஒன்று 1974இல் ‘சோனார் கேல்லா’ திரைப்படமாகி இந்தியா முழுதும் அறியப்பட்டது. மற்றொன்றை வங்காளத்துக்கு வெளியே அறிந்தோர் சிலரே.

குழுப்பெயர் இருந்தாலே தலைமை பகிரப்பட்டுவிடும் என்பதன்று. சஷ்டிபத சட்டோபாத்யாயின் ‘பாண்டவ கோயந்தா’ ஐவர் குழு. இரு சிறுமியரும் அதில் உண்டு. ஆயினும் முன்னிற்பவன் பாப்லு. பின்னாளில் சுசித்ரா பட்டாச்சார்யாவின் மித்தின் மாசி துப்பறிய வந்தபோது, பெண் தலைமையும் சித்தி என்னும் உறவுப்பெயர் தாங்கியே, அக்காள் மகள் டுப்பூரைத் துணைகொண்டு வந்தது. உறவின் இலக்கணம் அத்துணை வலிது.

ஆகவே, இளையோர் கதைகளில் தலைமையை ஆராயும் மாணவர் பாணிகளின் பட்டியலைப் பிரிக்குமுன் மூன்று வினாக்களை எழுப்பலாம். தொடர் யார் பெயரைத் தாங்குகிறது? கதையைச் சொல்பவர் யார்? தலைவர் இல்லாதபோது என்ன நிகழ்கிறது? மூத்தவர் சொல் கேட்பதைப் பண்பென்று கற்பிக்கும் சமூகத்தில், யாரைப் பின்பற்றலாம் என்பதைச் சிறார் முதலில் பயில்வது இத்தகைய பக்கங்களில்தான். யார் வழிநடத்தலாம் என்பதையும் அவர்கள் அங்கேயே பயில்கிறார்கள்.