கடைசி ட்ராக் வரைக்கும் கேட்ட ஒரு ஆள்

ஒரு பேண்ட் கலைஞ்சு போச்சு. பாடகர் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்துட்டார். ஒரு வருஷம் தாண்டி, அவங்க பாட்டு அமெரிக்கால மூணாவது இடத்துக்கு வருது. அதுவும் ஆல்பத்தோட கடைசி ட்ராக்! இன்னைக்கு அந்தக் கதைதான்.

பேண்ட் பேரு தி ஜாம்பீஸ். இங்கிலாந்துக்காரங்க. 1967ல சிபிஎஸ் கம்பெனி இவங்களுக்கு ஒரு ஆல்பம் பண்ண 1,000 பவுண்டு கொடுத்தது. அதுவரைக்கும் பாப் உலகத்துல காசு சம்பாதிச்சது சிங்கிள்தான். ரேடியோல மூணு நிமிஷத்துக்குள்ள கேட்கிறவங்களைப் பிடிக்கணும். சைகடெலிக் ராக் வந்தப்போதான் ஆல்பம் ஒரு சோதனைக்கூடமா மாறுச்சு.

லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்குள்ள இவங்க போனது, பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' முடிச்சுட்டுப் போன கொஞ்ச நாள்ல. பெப்பர்ல வேலை பார்த்த ஜெஃப் எமரிக் இதுக்கும் இன்ஜினியர். ஆர்கெஸ்ட்ரா வைக்கக் காசு இல்லை. அதனால மெலோட்ரான் வாசிச்சாங்க. கீபோர்டு மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப். அமுக்கினா, பதிவு பண்ணி வெச்ச வயலினோ புல்லாங்குழலோ ஓடும். 1967லயே சாம்ப்ளிங்!

ஆல்பம் பேரு 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்'. அட்டை வரைஞ்சவர் 'ஒடிஸி'ங்கிற வார்த்தையைத் தப்பா எழுதிட்டார், அப்படியே அச்சாயிடுச்சு. ஸ்டீரியோ மிக்ஸுக்கு, பாட்டு எழுதின ரோட் ஆர்ஜென்ட்டும் கிறிஸ் வைட்டும் சொந்தக் காசு போட்டாங்க. முதல்ல வந்த சிங்கிள்கள் ஓடல. 1967 டிசம்பர்ல பேண்ட் கலைஞ்சுது. ஆல்பம் கடைக்கு வந்ததே 1968 ஏப்ரல்லதான்.

அமெரிக்க கம்பெனிக்கு இதை வெளியிடவே இஷ்டமில்லை. அங்கே புதுசா சேர்ந்திருந்த ஆல் கூப்பர், லண்டன்ல இருந்து ரெக்கார்டைக் கொண்டுவந்து, முழுசாக் கேட்டுட்டு, இதை விடக்கூடாதுன்னு சண்டை போட்டார். சரின்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா சிங்கிளா எதைப் போட்டாங்க தெரியுமா? 'புட்சர்ஸ் டேல்'. முதல் உலகப் போர்ல மாட்டிக்கிட்ட ஒரு கசாப்புக்கடைக்காரனோட பாட்டு. வியட்நாம் போர் நடக்குது, எடுபடும்னு கணக்குப் போட்டிருக்கலாம். எடுபடல.

அந்தக் கடைசி ட்ராக், 'டைம் ஆஃப் த சீசன்', மெதுவா ஏறுச்சு. 1969 மார்ச்ல பில்போர்டுல மூணாவது இடம். அதைப் பாட அப்போ பேண்டே இல்லை.

எனக்குப் பிடிச்சது என்னவோ தோத்துப்போன 'புட்சர்ஸ் டேல்'தான். வழக்கமான பாடகர் காலின் பிளன்ஸ்டோன் இதைப் பாடல. எழுதின பேஸிஸ்ட் கிறிஸ் வைட்டே பாடினார். கூட ஒரு பழைய கால் பெடல் ஹார்மோனியம், ட்ரம்ஸ் கிடையாது. அவர் குரல் மெல்லிசு, நடுங்குது. நல்ல பாடகர் பாடியிருந்தா அழகா இருந்திருக்கும்; ஆனா பயந்துபோன ஒருத்தன் அழகாவா பாடுவான்? இந்தப் பாட்டு சிங்கிளுக்காகப் பிறந்ததே இல்லை. காதல் பாட்டுங்களுக்கு நடுவுல திடீர்னு வரணும், அப்பதான் வயித்தைப் பிசையும். தனியாப் பிச்சு ரேடியோல போட்டா ஒரு விசித்திரம், அவ்வளவுதான்.

'யாருக்கும் தெரியாத பாட்டுன்னாலே உசத்தி'ன்னு நான் சொல்ல வரல. 'டைம் ஆஃப் த சீசன்' ஹிட்டானதுக்குத் தகுதியான பாட்டுதான். ஆனா எது ஹிட், எது மூலையில கிடக்கணும்னு முடிவு பண்ணினவங்க ரெண்டு தடவையும் தப்பாக் கணிச்சாங்க. அந்தக் கணிப்புக்கு விலை, ஒரு பேண்ட். அதைக் கொஞ்சமாவது காப்பாத்தினது, முழுசாக் கேட்ட ஒரு ஆள்.

அல்காரிதம் எழுதுற வேலையில இருக்கிறவன் நான். சொல்றேன்: பத்தாவது செகண்ட்ல ஸ்கிப் பண்ணும்போது, அந்த ஆஃபீஸ்காரங்க நாற்காலியில இப்போ உட்கார்ந்திருக்கிறது நாமதான்.

2008ல, நாற்பது வருஷம் கழிச்சு, அந்த ஆல்பத்தை லண்டன்ல மேடையேறி முழுசா வாசிச்சாங்க. ஐஞ்சு பேர்ல நாலு பேர்தான். கிட்டாரிஸ்ட் பால் அட்கின்சன் 2004லயே இறந்துட்டார்.

இந்த வாரம் ஷஃபிளை ஆஃப் பண்ணிட்டு, ஒரே ஒரு ஆல்பத்தை முதல்ல இருந்து கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.