மின்வலிப்புச் சிகிச்சை: நோயாளர் அனுபவம்

மின்வலிப்புச் சிகிச்சை என்பது, நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, தலைவழியே சில விநாடிகள் மின்சாரம் செலுத்தி வலிப்பை உண்டாக்கும் முறையாகும். மக்கள் இதை ‘ஷொக்’ என்பர். 1938இல் ரோமில் இதை உகோ செர்லெத்தியும் லூசியோ பினியும் தொடக்கிவைத்தனர். மருந்துக்கு மசியாத கடும் மனச்சோர்வு, உணவை மறுக்கும் நிலை, தற்கொலை அபாயம் ஆகியவற்றுக்கு இன்று பயன்படுகிறது.

சிகிச்சை நாள்

முதல்நாள் இரவு தொடக்கம் உணவில்லை. காலையில் மயக்க மருந்தும் தசைத்தளர்த்தியும் ஊசியில் ஏற்றப்படும். தசைத்தளர்த்தி பாதத்தை எட்டாதவாறு ஒரு காலில் பிரஷர் பட்டியை இறுக்குவதுண்டு. அந்தப் பாதத்தின் துடிப்பைப் பார்த்தே வைத்தியர் வலிப்பை அறிவார். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அது அடங்கிவிடும். நோயாளிக்கு எதுவும் தெரியாது. விழித்ததும் தலைவலி, தாடை நோவு, சற்றுநேரக் குழப்பம் இருக்கும். வாரத்துக்கு 2 அல்லது 3 தடவையாக, மொத்தம் 6 முதல் 12 தடவை வழங்குவது வழமை.

பின்னர்

நோயாளர் அதிகம் முறையிடுவது மறதியைப் பற்றியே. சிகிச்சையை ஒட்டிய வாரங்களிலும் மாதங்களிலும் நடந்தவை நினைவுக்கு வராமல், வீட்டாரிடம் கேட்டறிய நேர்கிறது. புதியன கற்கும் திறன் பெரும்பாலும் சில வாரங்களில் மீள்கிறது. ஆனால் நீடித்த மறதி இருப்பதாகக் குறைந்தது மூன்றிலொரு பங்கினர் கூறினர் என்று 2003இல் வெளியான பிரித்தானியத் தொகுப்பாய்வு காட்டியது.

குணமும் தானாக நிலைப்பதில்லை. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இச்சிகிச்சைக்குப் பின்னர் போலி மாத்திரை மட்டும் பெற்றோரில் 84 வீதமானோருக்கு ஆறு மாதத்துள் நோய் திரும்பியது. நோர்ட்ரிப்டிலின், லிதியம் ஆகிய இரு மருந்துகளும் பெற்றோரில் இது 39 வீதம்.

பிற முறைகள்

2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, மூளையைத் தலைக்கு வெளியிலிருந்து தூண்டும் காந்தத் தூண்டலுக்கு மயக்க மருந்து வேண்டாம். தலையில் தட்டுவது போன்ற உணர்வும் ‘டக் டக்’ ஓசையும் இருக்கும். ஆழ்மூளைத் தூண்டலில் மூளைக்குள் மின்முனையும் மார்பில் பற்றரியும் பொருத்தப்படும். 2005இல் டொரொண்டோவில் ஹெலன் மேபெர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் கடும் மனச்சோர்வுள்ள 6 பேரில் 4 பேர் தேறினர்.

ஊவாத் தோட்டங்களில்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தத் தோட்டத்தில் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் மண்சரிவில் புதைந்தன. அத்தகைய இழப்பின் துயருக்கு இச்சிகிச்சை உரியதன்று. துயர் கடும் மனச்சோர்வாக முற்றினாலே வைத்தியர் இதைக் கருதுவார். மயக்க மருந்து வசதி தேவைப்படுவதால் பெரிய வைத்தியசாலைக்கே போகவேண்டும். அரச வைத்தியசாலைகளில் கட்டணமில்லை. ஆனால் தோட்டத்தில் வேலைக்குப் போனால்தான் பேர் விழும், அதாவது அன்றைய கூலி பதிவாகும். துணைக்குப் போகும் உறவினருக்கும் அன்றைய பேர் இல்லை. சிகிச்சை முடிந்த பின்னும் கிளினிக் நாட்களுக்கு இதே இழப்பு உண்டு. அதற்கு அஞ்சி மருந்தை நிறுத்துவோருக்கே நோய் திரும்பும் அபாயம் அதிகம்.