உடற்கூற்றுக் கல்வியும் தமிழும்: ஒரு வரலாற்று நோக்கு

தவளையொன்றை வெட்டிச் சோதிக்கும் மாணவன் கற்பன இரண்டு. ஒன்று, உறுப்புக்களின் அமைப்பு; மற்றொன்று, அவற்றின் பெயர். பேச்சுவழக்கிலே குருதி ஓடுவதும் நரம்பு, இறைச்சியில் இழுபடுவதும் நரம்பு. அறுத்துப் பார்த்தவனோ இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் நாடியையும், இதயத்துக்குக் கொண்டுவரும் நாளத்தையும், கணத்தாக்கத்தைக் கடத்தும் நரம்பையும் வேறுபிரித்தல் வேண்டும். கண் பிரித்ததை மொழியும் பிரித்தாலன்றி அறிவு நிலைபெறாது.

விலங்கை அறுத்து மனிதனை அறிய முனைந்தமை மிகப் பழைய வழக்கமாகும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான கலென், குரங்கு, பன்றி, எருது முதலியவற்றை ஆராய்ந்தார். எருதின் மூளையடியிலுள்ள குருதிக்குழாய் வலை மனிதனுக்கும் உண்டென அவர் கொண்டார். மனிதனில் அது இல்லை. எனினும் அவர் கூற்றே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரமாணமாயிற்று. 1543இல் வெளிவந்த வெசாலியசின் நூல், மனித உடலையே அறுத்துக் கண்டவற்றைக் கொண்டு அத்தகைய பிழைகள் பலவற்றைத் திருத்தியது. தவளையின் இதயத்தில் மூன்று அறைகளும் மனித இதயத்தில் நான்கு அறைகளும் இருப்பதை ஒப்பிட்டறியும் மாணவனும் இப்பாடத்தையே பயில்கின்றான்: ஒற்றுமையை மட்டுமன்றி வேற்றுமையையும் காணல் வேண்டும்.

இவ்வறிவைத் தமிழுக்குக் கொணர்ந்தோருள் முதன்மையானவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இவ்வமெரிக்க மிசன் வைத்தியர், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் பயிற்றிய அவர், 1864 அளவில் தமிழுக்கு மாறினார். தாய்மொழியிற் பயின்றோரே ஊர் மக்களிடையே தங்கிப் பணிபுரிவர் என்பது அவரது கருத்து. கற்றரின் நூல் ‘அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்’ என 1857இலும், கிரேயின் நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872இலும் தமிழில் வெளிவந்தன. கலைச்சொல் தேவைப்பட்டவிடத்து அவர் முதலில் தமிழிலும், பின்னர் வடமொழியிலும் தேடினார்; இரண்டிலும் கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அமைத்தார்.

அவர் ஆண்ட சொற்களுட் பல இன்று வழக்கிறந்தன. ஆயினும் அவர் மேற்கொண்ட கொள்கை அழியவில்லை. இந்நூற்றாண்டுக்கு முற்பட்ட நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் இடைநிலைக் கல்வி படிப்படியாகச் சுயமொழிகளுக்கு மாறியபொழுது, அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் பாடநூல்களையும் வெளியிட்டது. தமிழ் அறிஞர் அப்பணியிற் பங்குகொண்டனர். அதன் பயன் யாழ்ப்பாணத்துடன் நிற்கவில்லை. மாத்தளை மாவட்டத்திலே, பெரும்பாலும் சிங்களம் வழங்கும் கலேவெலப் பகுதியில் தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவனும் ‘சோணையறை’, ‘இதயவறை’ என்னும் அதே சொற்களாலேயே இதயத்தை அறிகின்றான்.

இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விலங்கியற் பாடநெறிகளில் விலங்குகளை அறுப்பதைத் தடைசெய்தது. உருவமைப்புக்களும் கணினிப் படங்களும் அவ்விடத்தைப் பெற்று வருகின்றன. உயிர்களிடத்து இரக்கம் கொள்வோர் இதனை வரவேற்பர். ஆனால் கத்தி ஓய்ந்தாலும் சொல்லின் தேவை ஓயாது. பொருளைத் தொட்டறியும் வாய்ப்புக் குறையுங் காலத்தில், அதனைத் தெளிவாக உணர்த்தும் தாய்மொழிச் சொல்லின் பொறுப்பு முன்னையிலும் மிகுதியாகும். கிறீன் தொடங்கிய பணி முற்றுப்பெற்றதன்று; அது தொடரப்படவேண்டியதாம்.