ஏழு பேருக்கு ஒரு தூதர்: மிலோஸ் கல்லறைச் சாசனம் குறித்து

கிரேக்கத் தீவுகளில் ஆதிக் கிறிஸ்தவத்தின் சுவடுகளைத் தேடி ஹான்ஸ் அகேலிஸ் 1900-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பில் அவரே ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். கட்டுரைக்குள் அந்தத் தயக்கம் அவ்வளவாகத் தெரிவதில்லை. தீரா தீவின் (இன்றைய சான்டோரினி) கல்லறைக் கற்கள் பலவற்றில் ‘தூதர்’ என்ற சொல்லும் இறந்தவரின் பெயரும் மட்டுமே உள்ளன. ஹில்லர் ஃபான் கேர்ட்ரிங்கன் 1898-இல் பதிப்பித்த கிரேக்கச் சாசனத் தொகுதியில் அவை இடம்பெற்றன. அந்தத் தூதர் இறந்தவரின் காவல் தூதர், ஆகவே கற்கள் கிறிஸ்தவருடையவை, ஆகவே அத்தீவில் திருச்சபை மிகப் பழமையானது என்று அகேலிஸ் வாசித்தார்.

மூன்று படிகளில் முதற்படியே ஆட்டம் காண்கிறது. ஒவ்வொருவருக்கும் தூதர் உண்டு என்ற எண்ணத்துக்கு மத்தேயு 18:10-உம் அப்போஸ்தலர் 12:15-உம் போதும். ஆனால் அந்தத் தூதர் உயிரோடிருப்பவருக்குத் துணை. எர்மாவின் ‘மேய்ப்பர்’ நூலில் நீதியின் தூதரும் தீமையின் தூதரும் மனிதனின் நடத்தையைப் பற்றியே அவனோடு போராடுகிறார்கள். லூக்கா 16:22-இல் தூதர்கள் லாசருவை ஆபிரகாமின் மடிக்குச் சுமந்து போகிறார்கள். சடலத்தருகே யாரும் நிற்கவில்லை. கல்லறையில் தங்கும் காவல் தூதரை இந்த மரபிலிருந்து பெற முடியாது.

அகேலிஸின் வாசிப்புக்குக் கிடைக்கக்கூடிய வலுவான துணை, பக்கத்துத் தீவான மிலோஸின் நிலத்தடிக் கல்லறைச் சாசனம். இது ஐயமின்றிக் கிறிஸ்தவருடையது. அஸ்க்லேபிஸ், எல்பிசோன், அஸ்க்லேபியோதோட்டோஸ் ஆகிய மூப்பர்கள், அகாலியாசிஸ் என்ற பெண் திருத்தொண்டர், யூத்திகியா, கிளவுதியானே என்ற இரு கன்னியர், இன்னொரு யூத்திகியாவான தாய் என ஏழு பேர் ஆண்டவருக்குள் அங்கே கிடக்கிறார்கள். பேழை நிரம்பிவிட்டது, ஆகவே, இங்கே நிற்கும் தூதரின் பேரில் ஆணையிட்டு, இனி எவரும் எவரையும் இதில் வைக்கத் துணியக் கூடாது என்று எழுதியவர் சொல்கிறார். கடைசியில், தமக்கும் தம் வீட்டார் அனைவருக்கும் உதவும்படி இயேசு கிறிஸ்துவை வேண்டுகிறார்.

இறந்தவர் ஏழு பேர், தூதர் ஒருவர். ஆளுக்கொரு காவல் தூதர் என்பது எழுதியவர் மனத்தில் இருந்திருந்தால் இங்கே ஏழு தூதர்கள் நின்றிருக்க வேண்டும். எந்தப் பெயரோடும் தூதர் இணைக்கப்படவில்லை. ‘இங்கே நிற்கும்’ என்று இடத்தோடுதான் இணைக்கப்படுகிறார். அவர் வேலை, மீறுவோரை அச்சுறுத்திக் காக்கும் இறுதி வாசகத்தை நம் சாசனவியலார் ஓம்படைக்கிளவி என்பார்களே, அந்த வேலை. சின்ன ஆசியாவின் கல்லறைகளில் மீறுபவர் கருவூலத்துக்கு அபராதம் கட்ட வேண்டும் என்று எழுதுவது வழக்கம். ஃப்ரிஜியாவின் யூமெனெயாவில் 3-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அந்த அபராதம் நின்ற இடத்திலேயே, மீறுபவர் கடவுளிடம் கணக்குக் கொடுக்க நேரும் என்ற எச்சரிக்கை வருகிறது. மிலோஸின் தூதரும் அந்த வரிசையைச் சேர்ந்தவர் என்பது என் கருத்து. அச்சுறுத்தத் தூதர், உதவி கேட்கக் கிறிஸ்து: எழுதியவர் இரண்டையும் கலக்கவில்லை. சபையை விட்டு விலகித் தூதரை அழைப்பதைத் தடுத்த லவோதிக்கேயா சங்கத்தின் 35-ஆம் விதி இவரைக் கண்டிக்கத் தேவை இருந்திராது.

இனி தீரா. ‘தூதர்’ என்ற சொல்லே கிறிஸ்தவத்துக்குச் சான்றாகாது. காரியாவின் ஸ்த்ரதோனிக்கேயாவில் உன்னத ஸேயுஸுக்கும் தெய்வீகத் தூதருக்கும் சேர்த்தே நேர்ச்சைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். காலமும் தீர்ந்தபாடில்லை. தீராக் கற்களை 2 முதல் 4-ஆம் நூற்றாண்டு வரை பலவாறு வைக்கிறார்கள். மிலோஸ் சாசனத்தை 3-ஆம் நூற்றாண்டுக்கும் 5-ஆம் நூற்றாண்டுக்கும் இடையே எங்கும் வைக்கலாம். மிலோஸ் பிந்தியது என்றால், அதைக் கொண்டு முந்திய கற்களைத் திறப்பது முறையாகாது. சமகாலத்தவை என்றாலும், ஒன்றில் தூதர் இடத்துக்கு உரியவர், மற்றவற்றில் பெயருக்கு உரியவர்.

தீராக் கற்களில் எபிக்டோ என்ற பெண்ணின் கல்லை மட்டும் தனியே வைக்க வேண்டும். அவளை மூத்தவள் என்கிறது அது. வெறும் முதுமையா, சபைப் பொறுப்பா என்பது இருபக்கமும் சாயும். நான் இரண்டாவதன் பக்கம் சற்றே சாய்கிறேன். அந்த ஒரு கல்லைக் கிறிஸ்தவருடையதாக ஏற்கலாம். மற்றக் கற்களையும் தன் பின்னால் இழுத்துவரும் வலு அதற்கு இல்லை.